359 எழுத்தில் ஒரு நோய்க்கிருமி

கொரோனா வைரஸின் மரபுப்பொருள் கிட்டத்தட்ட 30,000 எழுத்து நீளம் (எழுத்து என்பது ஏ, யு, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு வேதித் துண்டுகளில் ஒன்று, அவை வரிசையாகக் கோத்ததுதான் இழை). புகையிலை மொசைக் வைரஸுக்கு 6,400 சொச்சம். உருளைக்கிழங்கை ஒல்லியாக, நூல் நூற்கும் கதிர் மாதிரி நீள வைக்கும் ஒரு நோய்க்குக் காரணமான பொருளுக்கு மொத்தமே 359 எழுத்துதான். மேலே உறை கிடையாது, உள்ளே புரதம் கிடையாது, ஏதாவது புரதம் செய்யச் சொல்லும் குறிப்புகூட அதில் எழுதப்படவில்லை. வெறும் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவுக்கு நெருங்கிய உறவான மரபு இழை. இந்த வகைக்குப் பெயர் வைராய்டு.

அந்த உருளைக்கிழங்கு நோய் 1920களிலேயே தெரிந்ததுதான். வைரஸ் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் மையத்தில் இருந்த தியோடர் டீனர் அந்த வைரஸைப் பிரித்தெடுக்கப் போனார், அது சிக்கவே இல்லை. நோயுற்ற செடியின் சாற்றை அதிவேகத்தில் சுழற்றினால் வைரஸ் அடியில் படிய வேண்டும், ஆனால் நோய் உண்டாக்கும் சக்தி மேலே நின்ற சாற்றிலேயே தங்கிவிட்டது. ஃபீனால் போட்டுப் புரதத்தை எல்லாம் நீக்கிப் பார்த்தார், அசையவில்லை. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைப் போட்டார், அதற்கும் அசையவில்லை. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியைப் போட்டதும் சாறு, சோதனைக்கு வைத்திருந்த தக்காளிச் செடியை ஒன்றுமே செய்யவில்லை. 1971இல் இதற்கு வைராய்டு என்று பெயர் வைத்தார். இத்தனை சின்னத் துண்டு, துணைக்கு ஒரு வைரஸ்கூட இல்லாமல் எப்படித் தானே பெருகும் என்று பலருக்கும் நம்பிக்கை வரவில்லை, நியாயமான சந்தேகம்தான்.

அதன் உருவத்தைக் காட்டியது ஜெர்மனியில் இருந்த ஹைன்ஸ் சாங்கரின் குழு (டிஎன்ஏ படிக்கும் முறைக்கு நோபல் வாங்கிய சாங்கர் வேறு ஆள்). எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைராய்டு குட்டைக் குச்சி மாதிரி தெரியும். அதையே சூடாக்கி மடிப்புகளைப் பிரித்துவிட்டுப் பார்த்தால் வட்டம்! முனையே இல்லாத ஒற்றை இழை வளையம் என்று 1976இல் சொன்னார்கள். ஒரு ரப்பர் பேண்டை இரண்டு பக்கமும் இழுத்தால் மேலிழையும் கீழிழையும் ஒட்டிக்கொண்டு நீளுமே, அந்த மாதிரிதான் இது குச்சியாகிறது. எதிரெதிரே வரும் எழுத்துகளில் ஜியும் சியும், ஏயும் யுவும் ஜோடி சேர்ந்துகொள்கின்றன. 1978இல் 359 எழுத்துகளையும் வரிசையாகப் படித்து முடித்தார்கள்.

வளையமாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. செல்லுக்குள் ஆர்என்ஏவை முனையிலிருந்து கொறித்துத் தின்னும் நொதிகள் இருக்கின்றன, முனையே இல்லாததை அவை எங்கே பிடித்துத் தொடங்கும்?

ஆனால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஜோடி சேர்ந்த பகுதிகள் இல்லை, சேராத பகுதிகள். குச்சி முழுக்க ஒரே சீராக ஒட்டியிருக்காது. நாலைந்து எழுத்து ஜோடி சேரும், அப்புறம் பொருந்தாத சில எழுத்துகள் சின்னக் கண்ணியாக உப்பி நிற்கும், மறுபடி ஜோடி, மறுபடி கண்ணி. உருளைக்கிழங்கு வைராய்டில் இப்படி 27 கண்ணிகள் உண்டு. முதலில் இவற்றை வெறும் இடைவெளி என்று கடந்துபோய்விடத் தோன்றும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிலவற்றைக் கெடுத்தால் வைராய்டு பெருகாது, வேறு சிலவற்றைக் கெடுத்தால் பெருகும், ஆனால் செடிக்குள் நகராது. ஏழாவது கண்ணி இதற்கு நல்ல உதாரணம். அதைக் குலைத்தால், உணவு போகும் குழாயைச் சுற்றியுள்ள செல்கள் வரை வந்துவிடும், குழாய்க்குள் மட்டும் நுழைய முடியாது. மையத்தில் இருக்கும் ‘ஈ’ கண்ணி இன்னும் சுவாரசியம். அங்கே எழுத்துகள் பாடப்புத்தக ஜோடியாக இல்லாமல் கோணலாகப் பிணைந்திருக்கின்றன. 257ஆவது இடத்தில் யுவை ஏ ஆக்கினால் போதும், தக்காளிச் செடி கடுமையாகக் குட்டையாகி நுனி தட்டையாக நின்றுவிடுகிறது. ஒரே ஒரு எழுத்து!

சரி, புரதமே இல்லாமல் எப்படிப் படியெடுக்கிறது? செல்லின் நொதிகளை வைத்துத்தான். செல்லின் உட்கருவில் டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் ஒரு நொதி உண்டு, அதன் வேலையே டிஎன்ஏவைப் படிப்பதுதான், ஆனால் வைராய்டு அதன் கையில் ஆர்என்ஏவைக் கொடுத்துப் படிக்க வைக்கிறது. வளையத்துக்கு முடிவு இல்லாததால் நொதி சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே போகும், ஒரே பிரதி திரும்பத் திரும்ப வரும் நீண்ட இழை கிடைக்கும். அப்புறம் அதை ஒவ்வொரு பிரதியாக வெட்ட வேண்டும், முனைகளை ஒட்டி வளையமாக்க வேண்டும். வெட்டுப்படும்போது மையப் பகுதி ஒரு விதமாக மடிந்திருக்கிறது, ஒட்டப்படும்போது வேறு விதமாக மடிகிறது. ஒட்டுவது யார் தெரியுமா, டிஎன்ஏவை ஒட்டுவதற்கென்றே இருக்கும் நொதி. ஆள் மாறியதே அதற்குத் தெரிவதில்லை.

பசுங்கணிகத்துக்குள் (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பு) பெருகும் இன்னொரு வைராய்டு குடும்பம் வெட்டுவதற்கு நொதியைக்கூடத் தேடுவதில்லை. வெண்ணெய்ப்பழ மரத்தில் வரும் வைராய்டு சுத்தியல் தலை போன்ற வடிவத்தில் மடிந்து தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. இது தெரியவந்தது 1986இல்.

நோய் வருவது எப்படி என்பதற்குத் தெளிவான ஒரு உதாரணம் பீச் மரத்தில் கிடைத்தது. அங்கே ஒரு வைராய்டு வகை இலையை வெளுக்க வைக்கும். அன்னிய ஆர்என்ஏவைக் கண்டால் செடி அதைச் சின்னச் சின்னதாக நறுக்கும், அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்துக்கொண்டு அதே போன்ற ஆர்என்ஏக்களைத் தேடி அழிக்கும். பீச் வைராய்டின் சில துண்டுகள் பசுங்கணிகத்துக்குத் தேவையான ஒரு புரதத்தின் தகவல் ஆர்என்ஏவோடு, அதாவது அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் செடியின் சொந்தக் குறிப்போடு, பொருந்திப்போகின்றன. செடி தன் சொந்தத் தகவலையே அழித்து வெளுத்துப்போகிறது, அதாவது அங்கே நோயை உண்டாக்குவது செடியின் தற்காப்புதான்.

எல்லாமே இலை வெளுப்பதோடு நிற்பதில்லை. 246 எழுத்தே உள்ள கடாங்-கடாங் வைராய்டு பிலிப்பைன்ஸில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கொன்றிருக்கிறது. நம் ஊரின் தஞ்சாவூர் வாடல் இது இல்லை, அது பூஞ்சை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருந்து இல்லை. வைராய்டிடம் சொந்தப் புரதம் இல்லாததால் குறிவைக்க ஒன்றும் இல்லை, செல்லின் நொதியைத் தடுத்தால் செடியே செத்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் ஒட்டுக்கத்தியும் கவாத்துக் கத்தரியும்தான் இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. கத்தியைத் தீயில் லேசாகக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதில் பயன் இல்லை, சூட்டில் மடிப்பு பிரிந்தாலும் ஆறியதும் வளையம் திரும்ப மடிந்துகொள்ளும். சாதாரண பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுப்பதுதான் வேலை செய்யும், அது ஆர்என்ஏவையே சிதைத்துவிடுகிறது. கத்தி துருப்பிடிக்கும் என்று அலுத்துக்கொள்வார்கள், உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் சரியாகிவிடும்.