ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும்

டீசல் காரின் இன்ஜெக்டரை (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு மாதம் ஒருவராவது வந்துவிடுகிறார். கையில் வீடியோ, டிக்கியில் புது ஸ்பேனர் செட். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் பேச்சை ஸ்பேனரில் தொடங்காமல், என் வாடிக்கையாளர் ஒருவரின் இடது கை ஆள்காட்டி விரலில் தொடங்குவேன்.

அவர் வீட்டு வாசலில் தானே இன்ஜெக்டர் மாற்றினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. பைப் நட்டுப் பக்கம் லேசாக ஈரம் தெரிய, எங்கே கசிகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார். சுருக்கென்று ஒரு குத்து. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நட்டை இறுக்கி வேலையை முடித்துவிட்டார். இரவு பத்து மணிக்கு விரல் வாழைக்காய் போல வீங்கி, வலி மணிக்கட்டுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் விரலை நீளவாக்கில் திறந்து உள்ளே பரவியிருந்த டீசலைச் சுத்தம் செய்தார்கள். விரல் தப்பியது, ஆனால் முழுசாக மடங்காது.

காரின் டயரில் நாம் அடிக்கும் 32 பி.எஸ்.ஐ. காற்று, பார் என்ற அழுத்தக் கணக்கில் சுமார் 2 பார்தான். ஸ்விஃப்ட், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ என்று நம் ஊரில் லட்சக்கணக்கில் ஓடிய 1248 சிசி மல்டிஜெட் போன்ற காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜினில், சும்மா ஐடிலில் நிற்கும்போதே ரெயிலுக்குள் 250, 300 பார் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 1,400க்கு மேல் போகும். புது வண்டிகளில் 2,000. இந்த அழுத்தத்தில் மயிரிழைக் கசிவு ஒன்று போதும், தோலைத் துளைத்து உள்ளே போன டீசல் தசைநார் வழியே பரவிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சின்னக் காயம் என்று ஒரு டி.டி. ஊசியோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். “அதிக பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கிறது” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்றால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

என் வயது மெக்கானிக்குகளிடம் இன்னொரு ஆபத்தான பழக்கம் உண்டு. மெட்டடோர், அம்பாசடர் டீசல் காலத்தில் தொழில் கற்றவர்கள் நாங்கள். மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் குலுங்கினால், ஓடும்போதே ஒவ்வொரு பைப் நட்டாக லூஸ் செய்வோம். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்தக் கால நாசில்கள் (டீசல் வெளியேறும் இன்ஜெக்டர் முனை) நூறு, இருநூறு பாரில் திறப்பவை. அதற்கே, நாசிலைச் சோதிக்கும் டெஸ்டர் முன்னால் கையை நீட்டினால் முதலாளியிடம் அடி விழும். காமன் ரெயிலில் இந்த வித்தையைக் கனவிலும் செய்யக்கூடாது. இன்ஜினை நிறுத்தி, குறைந்தது பத்து நிமிடமாவது பிரஷர் இறங்க விட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றிய பிறகுதான் ஸ்பேனர். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குவதும் வேண்டாம். அதற்குப் போவது வெறும் 12 வோல்ட் இல்லை. திறக்கும் கணத்தில் 60, 80 வோல்ட் வரை ஏறும், பியசோ (மின்சாரம் பட்டால் விரியும் படிகம்) வகை இன்ஜெக்டரில் நூறையும் தாண்டும்.

சரி, இன்ஜெக்டர்தான் குற்றவாளியா? பாதிக் கேஸ்களில் அதையே யாரும் பார்ப்பதில்லை. கரும்புகை என்றதும் இன்ஜெக்டர் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு), டர்போ ஹோஸ் கிழிசல் என்று எத்தனையோ இருக்கின்றன. இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் டெஸ்ட் செய்வது வீட்டிலும் நடக்கும். நான்கு ரிட்டர்ன் பைப்பையும் நான்கு பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால், தேய்ந்துபோன இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பும். ரிட்டர்ன் பக்கம் பிரஷர் குறைவு என்றாலும், பைப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் இன்ஜின் நின்ற பிறகுதான்.

கழற்றும்போது எனக்குப் பெரிய பயம் தூசி. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். அருமையான சாமான், ஆனால் இன்ஜெக்டர் பக்கம் அதை விடமாட்டேன். நூல் உதிரும். நாசில் ஓட்டையே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், உள்ளே நகரும் பாகங்களின் இடைவெளியோ சில மைக்ரான். அதனால் முதலில் சுற்றுப்புறத்தைக் கழுவிக் காற்றடித்துக் காயவிட்டு, பைப் கழன்ற கணமே இரண்டு முனைக்கும் மூடி போட வேண்டும். மூடி இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும். வாசலில் வேப்பமரம் இருந்தால் வண்டியை வேறு இடத்துக்குத் தள்ளுங்கள், பூ கொட்டும் மாதத்தில் நான் பட்டிருக்கிறேன்.

சில வண்டியில் இன்ஜெக்டர் கையோடு வரும். சிலதில் கார்பன் தார் போல இறுகி அசையாது. இரவே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவைத்து, மறுநாள் லேசாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் சிலிண்டர் ஹெட்டே போகும். இன்ஜெக்டரை இழுத்து எடுக்கும் புல்லர் வைத்திருப்பவரிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் காப்பர் வாஷர். பழையது பல நேரம் இன்ஜெக்டரோடு வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்க்காமல் புது வாஷரோடு இறக்கினால் இரண்டு வாஷர் ஆகிவிடும், நாசில் இருக்க வேண்டிய ஆழம் மாறிவிடும். வாஷர் உட்காரும் சீட்டில் கார்பன் இருந்தால் சீல் ஆகாது. நாலு நாளில் “சுக் சுக்” சத்தம், கேபினுக்குள் புகை நாற்றம். வாஷரின் தடிமனும் வண்டிக்கு வண்டி மாறும், பழையதை அளந்து வாங்குங்கள். கிளாம்ப் போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கவும். ஒருமுறை மட்டும் போடக்கூடிய போல்ட், பைப் என்று போட்டிருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும்.

புது இன்ஜெக்டரின் தலையில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு (code) இருக்கும். மாட்டும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள், மாட்டிய பிறகு கண்ணாடி வைத்துத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஏற்றினால்தான் அந்த இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று சரியாகத் தெரியும். “அண்ணா, எல்லாம் புதுசு, ஆனா இன்னும் நடுங்குது” என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

கடைசியாக ஸ்டார்ட். சாவியை நாலைந்து முறை ஆன் செய்து டீசலை வரவிடுங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் அடிக்காமல் பத்துப் பத்து நொடியாக. இன்ஜின் பிடித்ததும் பானெட்டுக்குள் தலையைக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான அட்டைத் துண்டு ஒன்றைப் பைப் நட்டுகளின் பக்கம் காட்டுங்கள். அட்டையில் ஈரப் புள்ளி விழுந்தால் இன்ஜினை நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் நட்டில் கை.