பழைய லென்ஸை மாட்டும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் நிக்கான் டி750 கேமராவோடு என் சர்வீஸ் மேசைக்கு வந்தார். அவருடைய அப்பா ஸ்டூடியோ நடத்திய காலத்து நிக்கார் (நிக்கான் கம்பெனி லென்ஸ்களின் பெயர்) 50 எம்எம் லென்ஸ் பீரோவில் கிடைத்திருக்கிறது. மாட்டும்போது இறுக்கமாக இருந்ததாம். பழசுதானே என்று அழுத்தித் திருகியிருக்கிறார். 'டக்'கென்று ஒரு சத்தம். லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸை மாட்டும் வளையமான கேமரா மவுண்டின் ஓரத்தில் இருக்கும் குட்டி லீவர்தான் வளைந்துபோயிருந்தது.

நிக்கான் எஃப் மவுண்ட் வந்தது 1959-இல். மவுண்ட் மாறவில்லை, அதனால் எந்த லென்ஸும் எந்த பாடியிலும் உட்காரும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஆனால் 1977-இல் ஏஐ (ஆட்டோமேட்டிக் இண்டெக்ஸிங்) என்ற முறை வந்தது. லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அதாவது அப்பர்ச்சரை, நாம் எந்த அளவில் வைத்திருக்கிறோம் என்பதை இந்த லீவர்தான் கேமராவுக்குச் சொல்லும். ஏஐ லென்ஸில் அப்பர்ச்சர் ரிங்கின் பின்விளிம்பை லீவருக்கு இடம்விட்டு வெட்டியிருப்பார்கள். அதற்கு முந்தியவற்றில் விளிம்பு சுற்றிலும் முழுசாக இருப்பதால் லீவர் மேலேயே ஏறிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏஐ லென்ஸில் அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசை இருக்கும். இரண்டாவது வரிசை மவுண்ட் ஓரத்தில் பொடியாக இருக்கும். ஒரே வரிசைதான் என்றால் கையை எடுத்துவிடுங்கள். டி40, டி60 போன்ற சின்ன பாடிகளில் அந்த லீவரே கிடையாது, அவற்றில் மாட்டலாம். ஆனால் ஒளியை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, எம் (மேனுவல்) மோடில் வைத்து நாமே ஒளியைக் கணிக்க வேண்டும். நிக்கான் டிஎஃப் மாடலில் லீவரை மடக்கி வைக்கும் வசதி உண்டு.

மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எஃப் மவுண்டிலிருந்து சென்சார் 46.5 மி.மீ. தூரம், சோனி இ மவுண்டில் 18 மி.மீ. மிச்ச இடத்தை நிரப்புவது லென்ஸ் கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் அடாப்டர்தான். 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பை மெனுவில் ஆன் செய்ய மறக்காதீர்கள்.

அப்புறம், பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் ஃபங்கஸையும் (பூஞ்சை) பாருங்கள். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். கோட்டிங்கை அது அரித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.

தம்பியின் லென்ஸில் ஃபங்கஸ் இல்லை. லீவருக்கு இடம்விட்டு ரிங்கை அராவிக் கொடுக்கவா என்று கேட்டேன். அப்பா கைபட்ட பொருள், அப்படியே இருக்கட்டும் என்றார். சரி, பழைய டி40 ஒன்று தேடிப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.