புதிய மண் யாருக்கு? அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட விதம்

அடிமை முறை இருக்கலாமா, கூடாதா என்று வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டதுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. தென் மாநிலங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த அடிமை முறையில் கைவைக்கப்போவதாக 1860-இல் எந்தப் பெரிய கட்சியும் சொல்லவில்லை. ஆபிரகாம் லிங்கனும் சொல்லவில்லை. தகராறு புதிய மண்ணைப் பற்றியது. மேற்கே நாடு விரிய விரிய, புதிதாகச் சேரும் நிலத்துக்கு அடிமைகளைக் கொண்டுபோகலாமா? இந்த ஒரு கேள்வி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது எப்படி என்பது, அந்நாட்டின் அரசியலமைப்புக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை இடங்களை மக்கள்தொகைப்படி பங்கிட்டது. அதில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணினார்கள். ஒரு மாநிலத்தில் 3 லட்சம் சுதந்திர மக்களும் 2 லட்சம் அடிமைகளும் இருந்தால், கணக்கில் வருவது 4 லட்சத்து 20 ஆயிரம். அந்தக் கூடுதல் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கான இடங்கள் யாரை வைத்துக் கிடைத்தனவோ, அவர்களுக்கு வாக்கு கிடையாது, ஆதாயமெல்லாம் எஜமானர்களுக்கு. மேலவையான செனட்டிலோ சிறிய மாநிலம், பெரிய மாநிலம் என்ற பேதமில்லாமல் தலா இரண்டு இடம்.

தலைவர்களில் சிலர் அடிமை முறை தானாகத் தேய்ந்துவிடும் என்று நம்பினார்கள். 1793-இல் வந்த ஈலை விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது. குட்டை இழைப் பருத்தியில் கொட்டையை விரலால் பிரிப்பதென்றால் ஒருவருக்கு நாளெல்லாம் ஒரு பவுண்டு தேறுவதே அரிது. இயந்திரத்தில் அது 50 பவுண்டு வரை போனது. பஞ்சு எடுக்கும் வேலை எளிதாக, விதைக்கவும் களை பறிக்கவும் செடியிலிருந்து பறிக்கவும் ஆள் தேவை எகிறியது. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள், 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். சந்தை விலையில் அவர்களின் மொத்த மதிப்பு சுமார் 300 கோடி டாலர். நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்ட முதல் இரண்டையும் கூட்டினாலும் அந்த அளவு வராது.

இங்கேதான் புதிய மண் உள்ளே வருகிறது. புகையிலையும் பருத்தியும் நிலத்தின் சத்தை உறிஞ்சிவிடும். வர்ஜீனியாவில் களைத்த நிலத்தை வைத்திருந்தவர், தம் அடிமைகளை மிசிசிப்பி, லூசியானா பக்கம் விற்றுக் காசு பார்த்தார். புதிய நிலம் திறந்தால் அடிமைக்குக் கிராக்கி, மூடினால் விலைச் சரிவு; அவர்களை ஈடு காட்டி வாங்கிய கடனும் ஆட்டம் காணும். ஒரு செடி பருத்திகூட வைக்காத வர்ஜீனியாக்காரருக்கு டெக்சாஸ் நிலத்தின்மேல் அவ்வளவு அக்கறை வந்தது இதனால்தான்.

பணத்தைவிடப் பெரிய காரணம் செனட். குடியேறிகள் வந்து குவிந்த வடக்கில் மக்கள்தொகை பெருகப் பெருக, பிரதிநிதிகள் சபை தெற்கின் கையைவிட்டுப் போனது. தனக்கு ஆகாத சட்டத்தைத் தடுக்கத் தெற்குக்கு மிஞ்சியது செனட்டின் சம எண்ணிக்கை மட்டுமே. ஆகவே மாநிலங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தார்கள். 1820-இல் மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமை முறை இல்லாத சுதந்திர மாநிலமாகவும் ஏற்பதென முடிவாக, 12-க்கு 12. கூடவே, லூசியானா வாங்கலில், அதாவது பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியதில், வந்த மற்ற நிலத்தில் 36 பாகை 30 நிமிட அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று கோடு கிழித்தார்கள். ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான், ஆனாலும் முப்பது ஆண்டு தாங்கியது.

1846-இல் மெக்சிகோவோடு போர் தொடங்கியது. அங்கே கிடைக்கும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று வடக்கைச் சேர்ந்த உறுப்பினர் டேவிட் வில்மட் கொண்டுவந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் வீழ்ந்தது. முடிவைவிட, வாக்குகள் விழுந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. கட்சி பார்த்து வாக்களித்து வந்த உறுப்பினர்கள், அன்று ஊர் பார்த்து வாக்களித்தார்கள். ஒரு நாடு இரண்டாகப் பிளக்கப்போகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அறிகுறி கிடைக்காது.

கலிபோர்னியா 1850-இல் சுதந்திர மாநிலமாக நுழைந்ததும் செனட் சமநிலை 16-க்கு 15 என்று உடைந்தது. அதற்கு ஈடாகத் தெற்கு பெற்றது தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. தன் தரப்பைச் சொல்லவும் உரிமை இல்லை. அவரை எஜமானரிடம் ஒப்படைத்தால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். காகித வேலை கூடுதல் என்று இதற்கு விளக்கம் வேறு. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் காத்திருந்தன. தெற்கை அமைதிப்படுத்த வந்த சட்டம் வடக்கைக் கொதிக்க வைத்தது. அடிமை முறை எங்கோ நடப்பது என்று இருந்தவர்கள், 1854-இல் தப்பி வந்து பிடிபட்ட ஆன்டனி பர்ன்ஸைச் சிப்பாய்கள் சூழ பாஸ்டன் தெரு வழியே கப்பலுக்கு இழுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அதே ஆண்டு செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1820-இல் கிழித்த அட்சக்கோட்டு எல்லையை அழித்தது. அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் குடியேறியவர், எத்தனை நாள் தங்கினால் வாக்கு என்பதை வரையறுக்காமல் தேர்தல் வைத்தால், பக்கத்து ஊரிலிருந்து ஆள் இறங்காமல் இருக்குமா? 1855 மார்ச் தேர்தலில் தகுதியுள்ள வாக்காளர் சுமார் 2,900 பேர். விழுந்த வாக்குகளோ 6,300-க்கு மேல். மிசௌரியிலிருந்து துப்பாக்கியோடு வந்து வாக்களித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விளைவு, ஒரே பிரதேசத்தில் இரண்டு அரசாங்கம், இரண்டு சட்டமன்றம். 1856 மே 21-இல், அடிமை முறையை எதிர்த்தவர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைச் செனட் மண்டபத்துக்குள்ளேயே தென் கரோலினாப் பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் மண்டை உடைய அடித்தார். தென் கரோலினா வாக்காளர்கள் புரூக்ஸை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்; பாராட்டிப் புதிய கைத்தடிகளும் வந்து சேர்ந்தன.

பிளவை இத்தனை காலம் இழுத்துப் பிடித்திருந்தவை இரு பகுதியிலும் கிளை பரப்பிய அமைப்புகள். மெதடிஸ்ட் சபை 1844-லும் பாப்டிஸ்ட் சபை 1845-லும் உடைந்துவிட்டன. கட்சிகளுக்கு வடக்கு வாக்கும் வேண்டும், தெற்கு வாக்கும் வேண்டும் என்பதால் தலைவர்கள் இந்த விஷயத்தில் வாயைக் கட்டியிருந்தார்கள். கன்சாஸ் சட்டத்தோடு, அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதைந்தது. 1854-இல் பிறந்த குடியரசுக் கட்சிக்குத் தெற்கில் வாக்கே கிடையாது. அதனால் தெற்குக்காக அடக்கி வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அரசியல் தீர்க்காததை நீதிமன்றம் தீர்க்கட்டும் என்று பார்த்தார்கள். 1857 மார்ச் 6-இல், விடுதலை கேட்டு அடிமை டிரெட் ஸ்காட் தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்லர் என்றும், இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸ் எனும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமரசத்துக்கு இருந்த ஒரே கருவி, எங்கே கூடும் எங்கே கூடாது என்று பேரம் பேசும் அதிகாரம். தீர்ப்பு அதையே பிடுங்கிக்கொண்டது. 1859 அக்டோபரில் அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரவுன் 21 பேருடன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியபின், தெற்கில் ஊருக்கு ஊர் துப்பாக்கிப் பயிற்சி தொடங்கியது.

1860-இல் மிஞ்சியிருந்த ஜனநாயகக் கட்சியும் பிளந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத குடியரசுக் கட்சியின் லிங்கன், சுமார் 40 சதவீத வாக்கோடு வென்றார். எதிரிகள் பிரிந்ததால் வந்த வெற்றி என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எதிர் வாக்குகளையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டாலும், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் எண்ணிக்கையில் அவரே ஜெயித்திருப்பார். தெற்கை உலுக்கியது இதுதான்: தன் தயவில்லாமலே நாட்டை ஆள முடியும்.

டிசம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது; பிப்ரவரி தொடக்கத்துக்குள் மேலும் ஆறு. இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையை மத்திய அரசு என்றைக்கும் தொடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை மார்ச் 2-இல் செனட்டும் நிறைவேற்றியது. ஏழில் ஒன்றும் திரும்பவில்லை. அவர்கள் கேட்டது புதிய மண். லிங்கன் விட்டுத்தர மறுத்ததும் அதை மட்டுமே. தென் கரோலினாவில் மத்திய அரசின் கையிலிருந்த சம்டர் கோட்டைப் படைக்கு உணவு தீரும் நிலையில், உணவுப் பொருள் மட்டும் அனுப்புவதாக அவர் முன்கூட்டியே தகவல் சொன்னார். ஏப்ரல் 12 அதிகாலை 4.30-க்குத் தெற்கின் பீரங்கிகள் பதில் சொல்லின. அவர் 75,000 வீரர்களைக் கேட்டதும் மேலும் நான்கு மாநிலங்கள் வெளியேறின.

போன வரிசையைக் கவனியுங்கள். முதலில் போன ஏழிலும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிப்பேர் அடிமைகள். தென் கரோலினாவில் 57 சதவீதம். பின்னால் போன நான்கில் பத்துக்கு மூன்று பேர். போகாமல் நின்ற மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்று சொச்சம். வெறும் 1,798 அடிமைகள் இருந்த டெலவேர், வெளியேறச் சொல்லி வந்த அழைப்பை 1861 ஜனவரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.