ஓர்மை: சொல் விளக்கம்

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுப் பேச்சில் ‘ஞாபகம்’ என்பதைவிட அதே பொருளில் ‘ஓர்மை’தான் அதிகம் புழங்கும். “சாவிய எங்க வச்சேன்னு ஓர்மையில்ல மக்களே” என்பார்கள் பெரியவர்கள். மலையாளத்திலும் ‘ஓர்ம்ம’ இருப்பதால், திருவிதாங்கூர்க் காலத்தில் ஒட்டிக்கொண்ட சொல் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அப்படியில்லை. ‘ஓர்’ இரண்டு மொழிக்கும் பொதுவான பழைய வேர். ஆராய்தல், உற்றுக் கேட்டல் என்று பொருள். முல்லைப்பாட்டில் தலைவி, கூரையிலிருந்து மழைநீர் கொட்டும் ஓசையை ‘ஓர்ப்பனள் கிடந்தோள்’, அதாவது உற்றுக் கேட்டபடி படுத்திருந்தாள். ‘ஞாபகம்’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘அறியச் செய்வது’ என்றுதான் பொருள்.

உளவியல் பிரித்துச் சொல்லும் நினைவு வகைகளில் எதற்கு இந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்கலாம். உளவியலும் கவனத்தில்தான் தொடங்குகிறது. சாவியை வைக்கும்போது மனம் வேறெங்கோ இருந்தால், அது மறந்துபோனதல்ல, பதியவே இல்லை. ஓராததற்கு ஓர்மை ஏது?

கவனித்தது முதலில் குறுகிய கால நினைவில் தங்கும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்காவிட்டால் அரை நிமிடம் தாங்காது. அதில் ஒரே நேரத்தில் நிற்பது ஏழு உருப்படி, கூடக்குறைய இரண்டு, என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956இல். (குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே ஆண்டு!) பின்னால் வந்தவர்கள் நான்கு என்று குறைத்துவிட்டார்கள். ஆனால் பல இலக்கங்களை ஒரு கட்டாகச் சேர்த்தால் உருப்படிகள் குறையும். பத்து இலக்கக் கைபேசி எண்ணை ஐந்தைந்தாகச் சொன்னால் எளிதாக நிற்பது இதனால்தான். குறுகிய கால நினைவு வெறும் தங்குமிடமல்ல, வேலை நடக்கும் இடமும் என்று 1974இல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்சும் காட்டினார்கள். மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை மனக்கணக்குப் போடுவது அங்கேதான். இதற்கு ‘நினைவு’ நன்றாகப் பொருந்தும். தமிழில் நினைப்பது என்றால் எண்ணுவதும்தானே.

நெடுநாள் நிற்பதற்கு ‘ஓர்மை’யை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அது பதிய மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953இல் வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியை இருபுறமும் வெட்டியெடுத்தபின், ஹென்றி மொலைசனுக்குப் புதிதாக நடந்த எதுவும் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கியபோது நாளுக்கு நாள் கை தேறியது. பழகியதே அவருக்கு ஓர்மையில்லை!

குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவரின் கத்தி, உள்ளே மரத்தில் படாமல் பட்டையை மட்டும் மெலிதாகச் சீவிக்கொண்டு போவதும் இந்த வகைதான். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சொல்ல வராது, வெட்டித்தான் காட்டுவார். இதை ஓர்மைக்குள் அடக்க முடியாது. ‘கைப்பழக்கம்’ இருக்கிறதே, அது போதும்.