ஓலைக்குடிசை கிடைக்குமா?

பாம்பன், மண்டபம் பக்கம் படம்பிடிக்க வரும் வெளிநாட்டுச் செய்திக் குழுக்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் வழிகாட்டுவதும் என் தொழில். அவர்கள் ராமேஸ்வரம் வந்து இறங்குவதற்கு முன்பே என் போனுக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். அழும் பெண், இடிந்த கட்டடம், ஓலைக்குடிசை, செருப்பில்லாத பிள்ளைகள். இங்கே ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். கதை மட்டும் முடிவாகியிருக்கும்.

ஒருமுறை கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் செய்தி எடுத்தார்கள். சின்னப்பாலத்து அக்கா ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குவது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு வந்த கட்டுப்பாடுகள், எல்லாம் சொன்னார். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்களே கூடிப் பேசி வைத்திருப்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பாசி திரும்ப வளர வேண்டுமே என்பது அவர் கவலை.

ஒளிபரப்பில் அவர் நனைந்த சேலையோடு கரையேறுவது மட்டும் வந்தது. பின்னணியில் வறுமையைப் பற்றி ஓர் ஆங்கிலக் குரல். கடலைக் காப்பது பற்றிப் பேச வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் வந்தார். அவருக்குப் பெயரும் பதவியும் போட்டார்கள், அக்காவுக்குப் பெயர்கூட இல்லை. "தம்பி, நான் பேசுனது எங்கப்பா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அதில் ஒரு காட்சிகூடப் பொய் இல்லை. கரையேறினார், சேலை நனைந்திருந்தது, வறுமையும் உண்டு. அவருடைய அறிவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்கள். தனுஷ்கோடியும் அப்படித்தான். 1964 டிசம்பர் புயல் அழித்த ஆளில்லா நகரம் என்பார்கள். கேமராவுக்குப் பின்னால் மீனவர்கள் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இது பழைய நோய். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எழுதிய விதத்தை ஆராய்ந்து, கால்டுங், ரூகே என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965இலேயே இதைச் சொன்னார்கள்: அதிகாரம் குறைந்த தூரத்து நாடு செய்தியில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் அங்கே கெட்டது நடக்க வேண்டும். நல்லது நடந்தாலும் பார்வை மாறுவதில்லை. 2014இல் இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் செவ்வாயை எட்டியபோது, விண்வெளி நாடுகளின் மேட்டுக்குடிச் சங்கக் கதவைத் தலைப்பாகைக்காரர் ஒருவர் மாட்டோடு வந்து தட்டுவதாக நியூயார்க் டைம்ஸ் படம் போட்டது. அப்புறம் மன்னிப்பும் கேட்டது. கலாம் பிறந்த கரையில் வாழும் எனக்கு அந்தப் படம் இன்னும் வலிக்கிறது.

சரி, நாம் மட்டும் என்ன செய்கிறோம்? காங்கோவைப் பற்றித் தமிழில் படிப்பதில் பெரும்பகுதி லண்டனும் பாரிஸும் எழுதியதன் மொழிபெயர்ப்பு. அங்கேயும் இப்படி ஓர் அக்காவின் பேச்சு வெட்டப்பட்டிருக்கும்.

கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைக் நீட்டினால், பெயரும் தொழிலும் போடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் பேசுவதை உங்கள் போனிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் மறுத்துவிடுங்கள், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சமீபத்தில் வந்த குழுவிடம், 12 நாள் கணக்கைப் பதிவு செய்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்று அக்கா சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்டார்கள். அது இன்னும் ஒளிபரப்பாகவில்லை.