மேடையில் கேட்கும் குரல் எப்போது பாடப்பட்டது?

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் என் ஒலிக்கலவைப் பலகை (மிக்ஸர்) அருகே வந்து நிற்கும் ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நிஜமாகவே பாடினாரா, வாயை மட்டும் அசைத்தாரா?" மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கலவை செய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடிந்த இரவுகள் குறைவு. காசு கொடுத்து வந்தவருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் கேள்வியைச் சற்றுத் திருத்திக் கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்: நீங்கள் கேட்டவற்றுள் எவையெல்லாம் அன்று மேடையில் பாடி, வாசிக்கப்பட்டவை, எவையெல்லாம் முன்பே பதிவு செய்யப்பட்டவை, அதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?

பெரிய நிகழ்ச்சி ஒன்றில் என் முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பாடகரின் மைக் ஒரு ஃபேடரில், அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுவிசையில், வரும். அதற்குப் பக்கத்திலேயே, லேப்டாப்பிலிருந்து வரும் ட்ராக்குகள், அதாவது முன்பே பதிவு செய்த பகுதிகள், தனித்தனி ஃபேடர்களில் இருக்கும்: கோரஸ் ஒன்றில், வயலின் கூட்டம் ஒன்றில், கூடுதல் தாளம் ஒன்றில். டிரம்மரின் காதுக்குள், அவர் ட்ராக்கோடு காலம் தவறாமல் வாசிப்பதற்காக, 'டிக், டிக்' என்று கிளிக் ஓடிக்கொண்டிருக்கும். அரங்கத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்காது. அந்தக் கிளிக்கோடுதான் விளக்குகளும் திரையில் ஓடும் காட்சிகளும் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, கூட்டம் சேர்ந்து பாடுகிறதே, பல்லவியை இன்னொரு முறை எடுக்கலாமே என்று பாடகர் விரும்பினாலும், அதற்கென முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாலன்றிப் பாடல் அவருக்காகக் காத்திருக்காது. ஒரு கணினி நின்றுவிட்டால் உடனே தொடர்வதற்காக இன்னொரு கணினியும் அதே ட்ராக்கை இணையாக ஓட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு இருந்தும் இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒலிப்பதிவில் நாற்பது பேர் வாசித்த பகுதியை மேடையில் இருக்கும் ஆறு பேர் வாசித்துவிட முடியாது.

சில நிகழ்ச்சிகளில் இன்னொரு ஃபேடரும் உண்டு. அதில் இருப்பது பாடகரின் சொந்தக் குரலே, ஆனால் ஸ்டுடியோவில் பாடியது. ஆடிக்கொண்டே பாடும்போது மூச்சு வாங்கும் இடங்களில் அதை மெல்ல உயர்த்தி, ஆட்டம் நின்றதும் இறக்கிவிடச் சொல்வார்கள். கடும் காய்ச்சலோடு மேடையேறிய ஒரு பாடகருக்காக நான் அதைச் செய்திருக்கிறேன். இரண்டாவது சரணத்தில் அவர் குரல் கம்மியதும், என் விரல் அந்த ஃபேடரை மேலே தள்ளியது. அவர் மைக்கை மார்பளவுக்குத் தாழ்த்திக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். குரல் மட்டும் கொஞ்சமும் குறையாமல் நிரம்பி ஒலித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி அவர் கையையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

உலகறிந்த நிகழ்வுகளை ஒப்பிட்டால் இந்த வேறுபாடுகள் விளங்கும். மில்லி வனில்லி என்ற பாப் இரட்டையர் 1989இல் அமெரிக்க மேடை ஒன்றில் தோன்றியபோது ட்ராக் சிக்கிக்கொண்டு ஒரே அரை வரி திரும்பத் திரும்ப ஒலித்தது. இசைத்தட்டில் இருந்ததே அவர்கள் குரல் அல்ல என்பது பிறகு உறுதியாகி, 1990இல் அவர்களுடைய கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. அது முழுப் பொய். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்றபோது செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மனும் இன்னும் இருவரும் கடுங்குளிரில் வாசித்ததாகத் தோன்றியது. மக்கள் கேட்டதோ அவர்களே இரண்டு நாள் முன்பு வாசித்த பதிவு. அந்தக் குளிரில் தந்திகள் சுருதியில் நிற்காது என்பது எந்த வாத்தியக்காரருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் முடிவில் எனக்குக் குறை இல்லை. அது நிகழ்ச்சிக்குப் பிறகுதான் சொல்லப்பட்டது என்பதே குறை. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் 2014 இடைவேளையில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவின் கிட்டார்கள் எதிலும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. வாத்தியங்கள் பதிவு, குரல் மட்டும் நேரடி. சில நிமிடங்களுக்குள் மேடையை நிறுவிக் கழற்ற வேண்டிய இடத்தில் வேறு வழி குறைவு. அந்தக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஃப்ளீ அதை வெளிப்படையாகவே எழுதினார்.

இவற்றுக்கு நடுவில் நிற்பது சுருதித் திருத்தம். பிசகிய சுருதியைச் சரிசெய்யும் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் 1997இல் வந்தது. இன்று மேடையில் பாடப் பாடவே, காதுக்கு எட்டாத தாமதத்தில் அது சுருதியைச் சரிசெய்துவிடுகிறது. பாடுபவர் அந்த நொடியில் பாடுகிறார், ஆனால் உங்களை வந்தடைவது அவர் பிடித்த சுருதி அல்ல. இதை நேரடி என்று சொல்லலாமா என்று சக பொறியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. லேசாக வைப்பதை நான் ஏற்கிறேன். அது இல்லாமல் பாடவே முடியாதவருக்கு வைக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ரசிகர்கள் கண்டுபிடிக்க வழி உண்டா என்றால், ஓரளவு உண்டு. மைக்கை உதட்டுக்கு ஒட்டிப் பிடித்தால் குரலின் அடித்தொனி கனக்கும். ஒரு சாண் விலக்கினால் மெலியும். முகத்தைத் திருப்பியபோதும் குரலில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சந்தேகிக்கலாம். ஆனால் உதட்டசைவு பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் பயணிக்கும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகவே வந்து சேரும். மேடைக்கு அருகில் நிற்பவருக்கோ நேர்மாறு: கேமராப் படம் பெரிய திரைக்கு வந்து சேர்வதற்குள் ஒலி முந்திவிடும். நேர்மையாகத் தொண்டை கிழியப் பாடிய ஒருவர், இந்தத் தாமதம் தெரியும் அலைபேசிக் காணொளி ஒன்றால் வாயசைத்தவர் என்று தூற்றப்பட்டதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

என்னை அதைவிட அதிகமாக உறுத்தும் ஒன்று மேடையின் பின்வரிசையில் நடக்கிறது. முன்பு நான்கு கோரஸ் பாடகர்கள் நின்ற இடத்தில் இன்று ஒரு ட்ராக் ஓடுகிறது. அவர்களை யாரும் விலக்கியதாகச் சொல்வதில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வருவதில்லை, அவ்வளவுதான். ரசிகர்களின் சந்தேகம் முழுவதும் முன்னால் நிற்கும் ஒருவர் மீதே விழுவதால், பின்னால் காணாமற்போன நால்வரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை குரல்கள் கேட்கின்றன என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காய்ச்சல் இரவுக்குப் பிறகு நான் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சிகளின் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்: முதன்மைக் குரலுக்குப் பதிவைப் பயன்படுத்துவதானால் அதை மேடையிலேயே அறிவிக்க வேண்டும். பெரும்பாலான அமைப்பாளர்கள் அதை அடித்துவிடுகிறார்கள், சில வாய்ப்புகள் கைநழுவியும் போயிருக்கின்றன. அண்மையில் ஒரு பாடகி மட்டும் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். நிகழ்ச்சியின் நடுவில், "தொண்டை சரியில்லை, இந்தப் பாடலின் மேல் ஸ்தாயிக்கு மட்டும் பதிவைப் போடச் சொல்லியிருக்கிறேன்" என்றார். அந்த இடம் வந்தபோது நான் ஃபேடரை உயர்த்தினேன். ஆனால் கூட்டமே அந்த வரியை எடுத்துப் பாடத் தொடங்கிவிட்டதால், அதை மறுபடியும் கீழே இறக்கினேன்.