ஏழாம் மாதத்துச் சர்க்கரை

செட்டிநாட்டில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் வளைகாப்புப் பேச்சு தொடங்கிவிடும். பலகாரச் சட்டி அடுப்பேறிவிடும். கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம், சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறிய கவுனி அரிசி என்று ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டுவார்கள். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய மருத்துவர்கள் குறித்திருக்கும் 24 முதல் 28 வாரம் வரையிலான காலமும் ஏறத்தாழ இதே ஏழாம் மாதம்தான். விழாவும் சோதனையும் ஒன்றாக வருவது தற்செயல். அந்த மாதத்தில் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் நஞ்சுக்கொடி.

நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் ஹார்மோன்களின் அளவும் கூடுகிறது. தாயின் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் இன்சுலினின் கட்டளைக்கு முன்போல் பணியாதபடி அவை செய்துவிடுகின்றன. சாப்பிட்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸைத் தாயின் உடலே உடனுக்குடன் எடுத்துக்கொள்ளாமல், சற்று நேரம் இரத்தத்தில் நிறுத்தி, வயிற்றுப் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கச் செய்யும் ஏற்பாடு இது. இதை ஈடுகட்டக் கணையம் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் இதைச் சமாளித்துவிடும். குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் எடை கூடியவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் போன்றோருக்கு அது முடியாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே, "இனிப்பை அள்ளித் தின்றாள், அதனால் வந்தது" என்று பிள்ளைத்தாய்ச்சியைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் அப்படிக் கடப்பதில்லை. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் வளர்ச்சியையும் தூண்டுவதால் குழந்தைக்குக் கொழுப்புச் சேர்ந்து எடை கூடுகிறது. பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிட, கூடுதல் இன்சுலின் மட்டும் எஞ்சியிருப்பதால் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அதனால்தான் இத்தகைய குழந்தைகளுக்குக் குதிகாலில் ஊசி குத்திச் சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சோதனை எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பது இம்முறையின் பெரிய வசதி. சென்னை மருத்துவர் வி. சேஷையா இதற்காக நெடுங்காலம் பாடுபட்டவர். குடித்த அரைமணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்வார்கள். முதல் வருகையிலேயே ஒருமுறை செய்திருந்தாலும், நஞ்சுக்கொடி முழு வேகத்தில் வேலை செய்யும் ஏழாம் மாதச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

இனி, அந்தக் கவுனிக் கிண்ணத்துக்கு வருவோம். "கறுப்பரிசி சர்க்கரைக்கு நல்லதாச்சே, சாப்பிடு ஆத்தா" என்று ஆச்சிமார் பரிவோடு சொல்வதுண்டு. கவுனியின் கருமை அதன் தவிட்டில் உள்ள நிறமிகளால் வருவது, தவிடு நல்லதுதான். ஆனால் அது பசைத்தன்மையுள்ள அரிசி, அத்தகைய மாவுச்சத்து எளிதில் செரித்துக் குளுக்கோஸாகிவிடும். அதன் தலையில் சர்க்கரையையும் கொட்டிவிட்டுத் தவிட்டின் புண்ணியத்தைப் பேசுவது கொஞ்சம் வேடிக்கை. கும்மாயத்தில் போடும் கருப்பட்டியும் இரத்தத்துக்குச் சர்க்கரைதான்.

செட்டிநாட்டுச் சமையலில் இதற்கு மாற்று இல்லாமலில்லை. காலையில் கார்ட்டிசால் ஹார்மோன் உச்சத்தில் இருப்பதால் அதே அளவு உணவு மற்ற வேளைகளைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றக்கூடும். ஆகவே, காலையில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிய நான்கு இடியாப்பத்துக்குப் பதில், இரண்டு இடியாப்பமும் முட்டைக் குழம்பும் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலும் வைத்துக்கொள்ளலாம். விட்டதை முற்பகலில் சுண்டலாகச் சாப்பிடலாம். பட்டினி கிடப்பது கூடாது. மூன்று வேளை உணவையும் இடையில் சிற்றுண்டிகளையும் பிரித்து உண்பதே முறை.

சாப்பிட்டபின் நடப்பதற்கு இங்கே கோட்டையூர், கானாடுகாத்தான் வீடுகளைப் போல் வசதி வேறெங்கும் இல்லை. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் அவ்வீடுகளில், மருத்துவர் தடை சொல்லாதவர்கள் வெயில் படாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்துவிடலாம். இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அளவு 120-க்குக் கீழ் வராவிட்டால் மருந்து தொடங்குவார்கள். இன்சுலின் ஊசி என்றதும் பிள்ளைக்கு ஆகாதே என்று வீட்டார் பதறுவதுண்டு. தாயின் சொந்த இன்சுலினைப் போலவே ஊசி இன்சுலினும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரைதான் கடந்து செல்லும். அதைத் தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தானே இறங்கிவிடும். சிலருக்கு இறங்காது, இறங்கியவர்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்யச் சொல்வது இதனால்தான். இம்முறை வெறும் வயிற்றோடு போக வேண்டும். தாய்வீட்டில் பச்சை உடம்போடு இருக்கும் பெண் இதற்கென்று தனியாகப் புறப்படுவது சிரமம் என்றால், குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போடும் நாளிலேயே தாய்க்கும் பார்த்துவிடலாம்.